கிறிஸ்தவ விசுவாசத்தை அஞ்சாமல் பின்பற்றினால் ஒருவர் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும்?

எங்கள் பக்கத்தில் இதைக் கேட்டால் பெரும்பாலும் ராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூரைத்தான் சொல்வார்கள். 1693 பிப்ரவரி 4 அன்று போர்ச்சுகல் நாட்டுப் போதகர் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) அங்கே தலை வெட்டிக் கொல்லப்பட்டார். அதற்குக் காரணமான குடும்பக் கதையைப் பலர் வேகமாகக் கடந்துவிடுவார்கள். மறவர் சீமையின் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெறுவதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப் பெண். அவர் போய் முறையிட, கோபம் போதகர்மேல் திரும்பியது. பிரசங்கங்களில் அந்தப் பெண் கெட்டவராக வருவார், இல்லையென்றால் வரவே மாட்டார். கணவர் மனந்திரும்பியதற்கு அவர் வாழ்வை இழந்தார் என்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

என் பதிலும் அதுதான். விலையில் பெரும்பங்கை விசுவாசி கொடுப்பதில்லை, அவருடைய வீட்டார் கொடுக்கிறார்கள்.

எனக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். மதுரையில் வேலைக்கு வந்த பிறகு சபையில் சேர்ந்தேன். என்னை யாரும் அடிக்கவில்லை, ஊரை விட்டுத் தள்ளி வைக்கவில்லை. நேருக்கு நேர் ஒரு கடுஞ்சொல்கூடக் கேட்டதில்லை. ரேஷன் கடை வரிசையில் நின்ற அம்மாவிடம்தான், "உன் மகனுக்கு எவ்வளவு கொடுத்தார்களாம்?" என்று கேட்டார்கள். குலதெய்வக் கோயிலுக்குத் தலைக்கட்டு வரி பிரித்தபோது என் பெயரை விட்டுவிட்டார்கள். பணம் மிச்சம் என்று நான் சும்மா இருந்துவிடலாம். பங்காளிகளுக்கு நடுவே தலைகுனிந்து நின்றவர் அப்பா.

அக்கா மகளுக்குக் காதுகுத்து வைத்தபோது சிக்கல் முற்றியது. மச்சான் வீட்டுக் குலதெய்வக் கோயிலில், கிடா வெட்டோடு. தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். நான் போகாவிட்டால் அக்காவுக்குப் பிறந்த வீடே இல்லை என்று ஆகிவிடும். சீர்த்தட்டு எடுத்துக்கொண்டு போனேன், மருமகளை மடியில் வைத்துக்கொண்டேன். திருநீறு வந்தபோது கைகூப்பி மறுத்தேன். சாமிக்கு வெட்டிய கறியைச் சாப்பிடவில்லை. அக்காவின் மாமியார் பந்தியிலேயே எழுந்து போய்விட்டார். அந்த ஞாயிறு சபையிலும் இரண்டு மூப்பர்கள் என்னை ஓரமாக அழைத்து, விக்கிரகக் கோயிலில் உனக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்பது பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய கடிதத்தில் பல அதிகாரங்கள் எழுதியிருக்கிறார், ஆனால் அவருக்கு அக்காவின் மாமியார் இல்லை. எனக்கு வந்தது இரண்டு பேச்சுதான். அக்கா அதற்குப் பிறகு வெகுநாள் அந்த வீட்டில் இடித்துரை கேட்டாள்.

அப்பா இறந்தபோது சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். நான் பாடைக்குத் தோள் கொடுத்தேன்.

சொத்து போய்விடுமே என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மதம் மாறியவரின் பங்கைப் பறிப்பதில்லை. அதன் 26-ஆம் பிரிவு, மாறிய பிறகு பிறக்கும் பிள்ளைகளைத்தான் இந்து உறவினர்களின் சொத்துக்கு வாரிசாக ஏற்பதில்லை. வாரிசுரிமை பிறக்கும் வேளையில் அந்தப் பிள்ளைகள் இந்துவாக இருந்தால் மட்டும் விதிவிலக்கு. சட்டமும் செலவுச் சீட்டைப் பக்கத்தில் இருப்பவரிடமே நீட்டுகிறது, பாருங்கள்.

இதெல்லாம் பட்டியல் சாதியில் பிறந்த என் நண்பர் கொடுத்த விலைக்கு முன்னால் சிறிது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்களுக்கு மட்டுமே அந்தத் தகுதி. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார்கள். தனி இட ஒதுக்கீடு போகும், தனித்தொகுதியில் நிற்க முடியாது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடையாது. ஊர்த் தெருவில் சாதி மட்டும் அப்படியே இருக்கும். அதனால் பலர் சான்றிதழில் ஒன்றும் ஞாயிற்றுக்கிழமையில் வேறொன்றுமாக வாழ்கிறார்கள். அவர்களைக் கோழைகள் என்று மேடையில் திட்டும் போதகர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். பிள்ளையின் கல்லூரி இடத்தைப் பணயம் வைக்கச் சொல்வது சுலபம். நண்பர் மதத்தை உள்ளபடி எழுதினார். அவருடைய மகளுக்கு அந்த ஒதுக்கீடு கிடைக்கவில்லை. மகள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

நான் விட்டுவிடவில்லை, விடவும் மாட்டேன். நீங்கள் இப்போது முடிவெடுக்கும் நிலையில் இருந்தால் ஒன்று செய்யுங்கள். ஞானஸ்நானத்துக்குத் தேதி குறிக்கும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். காதுகுத்து, கல்யாணம், சாவு ஆகியவற்றில் எதற்கு வருவீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள் என்று அம்மாவிடமும் உடன்பிறந்தவர்களிடமும் இப்போதே சொல்லுங்கள். சண்டை வரும். ஆனால் ஊரார் கேட்கும்போது அவர்கள் வாயில் ஒரு பதிலாவது இருக்கும்.