38 லட்சத்தில் சார்ஜிங் ஸ்டேஷன்: யூனிட்டுக்கு 11 ரூபாய் நிற்குமா?

கேள்வி: அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டேன், வயது 60. பணிக்கொடை, சேமநிதி எல்லாம் சேர்த்து 42 லட்சம் கையில் இருக்கிறது. திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில், பெரம்பலூர் அருகே 15 சென்ட் இடமும் அதை ஒட்டி என் தம்பியின் ஹோட்டலும் உள்ளன. மின்சார கார் சார்ஜிங் ஸ்டேஷன் போடச் சொல்லி ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். 60 கிலோவாட் சார்ஜர் இரண்டு, டிரான்ஸ்ஃபார்மர், கேபிள், ஷெட் எல்லாம் சேர்த்து 38 லட்சமாம். யூனிட் 20 ரூபாய்க்கு விற்றால், கரன்ட் செலவு 9 ரூபாய் போக 11 நிற்கும், நாளுக்கு 400 யூனிட் ஓடினால் இரண்டரை வருடத்துக்குள் முதல் வந்துவிடும் என்கிறார்கள். போடலாமா?

– வாசகர், பெரம்பலூர் மாவட்டம்

பதில்: இடத்தைக் கொடுக்கலாம். ஓய்வுக்காலப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

முதலில் அந்த 11 ரூபாயைப் பார்ப்போம். மின்சார வாகனம் வாங்கத்தான் ஜி.எஸ்.டி. 5%. சார்ஜ் போடும் சேவைக்கு 18%. பலகையில் எழுதும் 20 ரூபாய் வரி உட்பட என்றால் உங்கள் கைக்கு வருவது 16.95 மட்டுமே. கரன்ட் பில்லில் ஜி.எஸ்.டி. கிடையாது என்பதால் அதற்கு எதிராகக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. அடுத்து, ஆப் வழியாக வாடிக்கையாளரைக் கொண்டுவரும் நிறுவனத்துக்குக் கமிஷன். 10% என்று வைத்தால் 1.70. மூன்றாவதை யாரும் சொல்லவே மாட்டார்கள்: ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும்போது 5, 6 சதவீதம் வெப்பமாகப் போய்விடும். மீட்டரில் 106 யூனிட் ஓடினால்தான் காருக்கு 100 யூனிட் ஏறும். ஆக 9 ரூபாய் கரன்ட் உங்களுக்குச் சுமார் 9.60 ஆகிறது. மிச்சம் 5.65. சொன்னதில் ஏறக்குறைய பாதி.

இதிலிருந்துதான் இரவுக் காவலாள், இணைய இணைப்பு, கேமரா, காப்பீடு, வாரன்டி முடிந்தபின் பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம். குறைத்துப் போட்டாலும் மாதம் 35,000. இதை எடுக்கவே நாளுக்கு 206 யூனிட் விற்க வேண்டும். 40 யூனிட் பேட்டரி உள்ள கார் 20 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்றினால் 24 யூனிட். அதாவது தினமும் ஒன்பது கார் வந்தால் உங்களுக்குப் பூஜ்யம். அவர்கள் சொல்லும் 400 யூனிட்டே ஓடினாலும் (17 கார்) மாதம் 32,800 தான் நிற்கும். எட்டு வருடம் விடாமல் ஓடினாலும் மொத்தம் 31.5 லட்சம், போட்டதோ 38. டிரான்ஸ்ஃபார்மரும் கேபிளும் அதற்குப் பிறகும் உழைக்கும், உண்மைதான். சார்ஜரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

17 கார் வருமா? 2024-ல் உலகில் விற்ற புதுக் கார்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் மின்சாரத்தில் ஓடுபவை. நார்வேயில் பத்துக்கு ஒன்பது. நம் நாட்டிலோ அந்த ஆண்டு நூற்றுக்கு இரண்டு, மூன்று. இங்கே அதிகம் விற்பது ஸ்கூட்டரும் மூன்று சக்கர வண்டியும். அவை வீட்டிலேயே சார்ஜ் ஆகிவிடும், உங்கள் சாலைக்கு வராது. கார்காரர்களும் வீட்டில் போட்டது போகத்தான் வழியில் நிற்பார்கள். எனவே பொங்கல், தீபாவளி விடுமுறையில் வரிசை நிற்கும், ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஈ ஓட்ட வேண்டியிருக்கும். அந்தத் திருவிழா நாளை வைத்துத்தான் இந்த மாதிரித் திட்ட அறிக்கைகள் எழுதப்படுகின்றன என்பது என் சந்தேகம்.

கருவி பழசாகிப் போகும் வேகமும் உண்டு. முன்பு பல இடங்களில் நிறுவிய பாரத் டிசி-001 என்ற பழைய இந்தியத் தரத்துச் சார்ஜர்கள் 15 கிலோவாட்; பின்னால் வந்த கார்கள் சிசிஎஸ்-2 என்ற வகைக் கன்னுக்கு (காரில் செருகும் முனை) மாறியதும் அவை சும்மா நிற்கின்றன. அமெரிக்காவில் சாடெமோ என்ற இன்னொரு வகைக் கன்னுக்கும் இதே கதி. இன்று சிசிஎஸ்-2 நிலைத்துவிட்டது, ஆனால் வேகம் நிலைக்கவில்லை. 2024 நவம்பரில் வந்த மஹிந்திரா பிஇ 6, பெரிய பேட்டரியில் 175 கிலோவாட் வரை இழுக்கும். இரண்டு கன் உள்ள 60 கிலோவாட் சார்ஜரில் இரண்டு கார் நின்றால் ஆளுக்கு 30 தான். நெடுஞ்சாலைப் புழுதியில் ஃபில்டர் அடைத்தால் சூடேறி அதுவும் குறையும். ஆப்பில் ஒரு கெட்ட விமர்சனம் விழுந்தால் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள்.

சரி, என்ன செய்யலாம்? 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். ஒருவருக்கு உச்சவரம்பே அதுதான். 8.2% வட்டியில் மூன்று மாதத்துக்கு 61,500 வரும், ஐந்தாண்டு முடிவில் முதல் அப்படியே இருக்கும்.

இடத்தைச் சார்ஜிங் நடத்தும் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடுங்கள். அரசு நிலத்துக்கு ஒன்றிய அரசின் வழிகாட்டுதல் யூனிட்டுக்குக் குறைந்தது ஒரு ரூபாய் பங்கு என்கிறது. அதை அடிப்படையாக வைத்துப் பேசுங்கள், ஆனால் ‘விற்றால் பங்கு’ என்பதோடு நிறுத்தாமல், விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் இவ்வளவு என்று குறைந்தபட்ச வாடகையை எழுதி வாங்குங்கள். உண்மையான லாபம் தம்பியின் ஹோட்டலில் இருக்கிறது: கார் 40 நிமிடம் நிற்கும், குடும்பம் உட்கார்ந்து சாப்பிடும். கழிவறை சுத்தமாக, இரவிலும் வெளிச்சமாக இருந்தால் போதும்.

கையெழுத்துப் போடுமுன் சில. தேசிய நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்ப வாசல் அனுமதி வேண்டும். அதை அவர்களே வாங்கட்டும். இரண்டு சார்ஜருக்கு உயரழுத்த இணைப்பு தேவையா, தாழ்வழுத்தமே போதுமா என்பதில் செலவு பல லட்சம் மாறும். மின்வாரியச் செயற்பொறியாளர் அலுவலகத்தின் எழுத்துபூர்வ மதிப்பீட்டைக் கேளுங்கள். மின் இணைப்பு அவர்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். உங்கள் பெயரில் இருந்தால், அவர்கள் கடையைக் கட்டிக்கொண்டு போனபின் நிலுவை பில் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும்.