பழைய போனை விற்பதற்கு முன்: எது தானாக வரும், எது வராது?

கேள்வி: ஐந்து வருடமாக வைத்திருந்த ஆண்ட்ராய்டு போனுக்குப் பதிலாகப் புதிய ஆண்ட்ராய்டு போன் வாங்கியிருக்கிறேன். பழையதை விற்றுவிட எண்ணம். போட்டோ, வாட்ஸ்அப், நம்பர்கள், யுபிஐ எல்லாவற்றையும் விடுபடாமல் மாற்றுவது எப்படி? கடையில் செய்து தருகிறோம் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கடையில் கொடுக்காதீர்கள். இந்த வேலைக்கு லாக் எடுத்த போனைத்தான் கேட்பார்கள். வீட்டுப் படங்களும் வங்கி மெசேஜ்களும் அதில் திறந்து கிடக்கும். வீட்டிலேயே ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம். வரிசை மட்டும் பிசகக் கூடாது. பழைய போன் இயங்கினால்தான் ஆகும் வேலைகள் முதலில், சிம் மாற்றுவது அடுத்து, பழையதை அழிப்பது கடைசியில்.

புதிய போனை முதன்முறை ஆன் செய்யும்போது, பழைய போனிலிருந்து காப்பி செய்யவா என்று ஒரு திரை வரும். அவசரத்தில் பலர் ஸ்கிப் அடித்துவிடுகிறார்கள். நீங்களும் அடித்திருந்தால், புதியதில் இன்னும் எதுவும் சேரவில்லை என்கிற நிலையில் அதை ரீசெட் செய்து மறுபடி தொடங்குவதே சுலபம். புதியது சாம்சங் என்றால் அதுகூட வேண்டாம், தகவலை மாற்றித் தரும் ஸ்மார்ட் ஸ்விட்ச் ஆப்பை எப்போது வேண்டுமானாலும் ஓட்டலாம். வைஃபையில் அனுப்புவதைவிட இரு முனையும் டைப்-சி உள்ள கேபிளே நல்லது, பாதியில் அறுந்துபோகாது. போன்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சில கேபிள்கள் சார்ஜ் ஏற்ற மட்டுமே உதவும்.

இப்படி வந்து சேர்பவை நம்பர்கள், எஸ்எம்எஸ், கால் பட்டியல், படங்கள், ஆப்களின் ஐகான்கள். ஐகான் இருக்கிறதே என்று நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆப் பிளே ஸ்டோரிலிருந்து புதிதாக இறங்குகிறது. அதற்குள் இருந்த தகவல் கூடவே வருமா என்பது அந்த ஆப்பைச் செய்தவர் கையில் இருக்கிறது. அதனால் பழைய போனில் நீங்கள் தினமும் திறக்கும் ஒவ்வொரு ஆப்பையும் புதியதிலும் திறந்து பாருங்கள்.

நம்பர்களில் ஒரு சிக்கல் உண்டு. எல்லாம் கூகுள் கணக்கில்தான் இருக்கும் என்று நினைப்போம்; பழைய நம்பர்கள் பல போன் மெமரியிலோ சிம்மிலோ கிடக்கும். காண்டாக்ட்ஸ் ஆப்பில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் விசிஎஃப் என்ற ஒரே கோப்பாகக் கிடைக்கும். அதை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

படங்களுக்கு கூகுள் போட்டோஸ் இருக்கிறதே என்பீர்கள். அது வழக்கமாக கேமரா எடுத்ததை மட்டுமே மேலே ஏற்றும். வாட்ஸ்அப் படங்கள், ஸ்கிரீன்ஷாட், டவுன்லோட் ஆகியவற்றை நீங்களாக ஆன் செய்ய வேண்டும். இலவச இடம் 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. 2021 ஜூன் முதல் ஏற்றும் படங்களும் இந்தக் கணக்கில் சேரும், இடம் தீர்ந்தால் பேக்கப் நின்றுவிடும். போட்டோஸில் இடத்தை மிச்சப்படுத்தும் ஸ்டோரேஜ் சேவர் தரத்தை வைத்திருந்தால் படம் 16 மெகாபிக்சலுக்கும் வீடியோ 1080பி-க்கும் சுருங்கும். குழந்தையின் முதல் வீடியோ போன்றவை அசல் தரத்தில் வேண்டுமானால், கேபிளில் கம்ப்யூட்டருக்கு டிசிஐஎம், பிக்சர்ஸ், டவுன்லோட், ரெக்கார்டிங் ஃபோல்டர்களை அப்படியே காப்பி எடுங்கள். இன்னொன்று: விற்கும் முன் சுத்தம் செய்கிறேன் என்று பழைய போனின் கூகுள் போட்டோஸில் படங்களை டெலிட் செய்யாதீர்கள். ஒரே கணக்கு என்பதால் கூகுளில் ஏறியிருப்பதும் போகும், புதிய போனில் தெரிவதும் போகும். பேக்கப் ஆன படம் டிராஷில் 60 நாள்தான் இருக்கும்.

வாட்ஸ்அப்புக்கு டிரைவ் பேக்கப் தேவையே இல்லை. பழைய போனில் செட்டிங்ஸ், சாட்ஸ், டிரான்ஸ்ஃபர் சாட்ஸ் வரை போய் ஸ்டார்ட் கொடுங்கள். புதியதில் வாட்ஸ்அப் நிறுவி நம்பரைச் சரிபார்த்ததும், பழைய போனிலிருந்து மாற்றும் வழியைத் தேர்ந்தால் க்யூஆர் கோடு வரும். அதைப் பழைய போனால் ஸ்கேன் செய்ய வேண்டும். இரண்டிலும் வைஃபையும் லொகேஷனும் ஆனில் இருக்கட்டும். முடியும்வரை வேறு ஆப்புக்குப் போகாதீர்கள். வாட்ஸ்அப்பில் கூடுதல் பாதுகாப்புக்கான டூ-ஸ்டெப் பின் போட்டிருந்தால் முன்கூட்டியே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மறந்து, மீட்பு மின்னஞ்சலும் கொடுக்காமல் விட்டிருந்தால் ஏழு நாள் காத்திருக்க நேரும்.

கணக்குகளில் நுழையும்போது கேட்கும் குறியீட்டு எண்ணைக் காட்டும் கூகுள் ஆதென்டிகேட்டர் ஆப்பை வைத்திருப்பவர்கள் அதிலேயே உள்ள டிரான்ஸ்ஃபர் அக்கவுண்ட்ஸ் வழியாக இதே நேரத்தில் மாற்றிவிட வேண்டும். பழைய போன் போய்விட்டால் அந்தக் கணக்குகளுக்குள் நுழைவதே பெரும்பாடு.

இப்போது சிம்மை மாற்றுங்கள். யுபிஐ, வங்கி ஆப்கள் எதுவும் காப்பி ஆகாது, ஆகவும் கூடாது. அவை அந்தக் குறிப்பிட்ட போனோடும் சிம்மோடும் கட்டப்பட்டவை. புதிய போனில் ஆப்பைத் திறந்ததும் உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் தானாக வெளியே போகும். அது போகாததுதான் தோல்விக்கு வழக்கமான காரணம்: எஸ்எம்எஸ் வசதி இல்லாத பிளான், அல்லது இரண்டு சிம்மில் வங்கியில் கொடுக்காத நம்பரைத் தேர்ந்தது. யுபிஐ பின் பழையதே செல்லும். மாற்றிய முதல் 24 மணி நேரத்துக்குப் பல வங்கிகளில் 5,000 ரூபாய்தான் வரம்பு. வாடகை கட்டும் நாளில் இதில் இறங்காதீர்கள். புது சிம்மோ இ-சிம்மோ வாங்கினால் அதில் ஒரு நாள் எஸ்எம்எஸ் வராது, போகாது. போனை மாற்றும் அன்றே சிம்மையும் புதுப்பிப்பது வீண் தலைவலி.

ஒரு வாரம் பழையதை அலமாரியில் வைத்திருங்கள். விடுபட்டது எதுவோ அதற்குள் தெரிந்துவிடும். (ஆன்லைன் எக்ஸ்சேஞ்ச் என்றால் இந்த வசதி இல்லை. பெரும்பாலும் புதியதைக் கொடுக்கும் கையோடு பழையதை வாங்கிப் போய்விடுவார்கள். அப்படியானால் படங்களையும் நம்பர்களையும் ஆர்டர் போட்ட அன்றே காப்பி எடுத்துவையுங்கள்.) அழிக்கும்போது முதலில் ஸ்கிரீன் லாக்கை நீக்கி, செட்டிங்ஸில் கூகுள் கணக்கையும் சாம்சங் அல்லது ஷாவ்மி கணக்கையும் வெளியேற்றிவிட்டு, பிறகு ஃபேக்டரி ரீசெட் கொடுங்கள். கணக்கு ஒட்டிக்கொண்டே இருந்தால் வாங்கியவர் ஆன் செய்யும்போது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும். போனில் மெமரி கார்டு இருந்தால் கையால் எடுத்துவிடுங்கள். ரீசெட் வழக்கமாக அதைத் தொடாது.