உடம்புக்கு ஏதாவதுன்னா உடனே கூகுள்ல தேடறது தப்பா? தேடத் தேட பயம்தான் ஜாஸ்தியாகுது, என்ன பண்றது?

இந்தக் கேள்விய நீங்க பகல்ல கேட்டிருக்க மாட்டீங்க. ராத்திரி ஒரு மணி, பக்கத்துல எல்லாரும் தூங்கறாங்க, போர்வைக்குள்ள ஃபோன் வெளிச்சத்த கம்மி பண்ணி வச்சுட்டு கேட்டிருப்பீங்க. எனக்குத் தெரியும், போன வருஷம் மூணு மாசம் நானும் அப்படித்தான் கெடந்தேன்.

நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையர் மெயில் எல்லாம் நம்ம ராத்திரிலதான் வரும், ஒரு நாளைக்கு எட்டு டீ சாதாரணமா போகும். அப்படி ஒரு ஷிப்மென்ட் சமயத்துல வலது கண்ணு கீழ் இமை துடிக்க ஆரம்பிச்சுது, நாலு நாளாகியும் நிக்கல. அம்மாயி, ஆம்பளைக்கு வலது கண்ணு துடிச்சா பணம் வரும் சாமின்னாங்க. நான் அதோட விட்டிருக்கணும்.

கூகுள்ல போட்டேன். இப்ப சொல்றேன், அது மொதல்லயே சரியாத்தான் சொல்லுச்சு: தூக்கமின்மை, டீ காபி, டென்ஷன், ஸ்கிரீன் அதிகம் பாக்கறது, தானா சரியாயிடும்னு. நாலும் நான்தான். ஆனா மனசு அத நம்பல பாருங்க, இவ்ளோ சின்ன விஷயமா இருக்காதுன்னு கீழ கீழ தள்ளிட்டே போனேன், ஒரு எடத்துல மோட்டார் நியூரான் நோய்னு இருந்துச்சு, தசைய அசைக்கற நரம்பு கொஞ்சம் கொஞ்சமா செத்துப் போற நோய், விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்ததே அதேதான். அதுல ஒரு வகைக்கு ஏஎல்எஸ்னு பேரு. அடுத்த தடவ நானே "தசை துடிப்பு ஏஎல்எஸ்"னு டைப் பண்ணேன். நோய் பேர நாமளே எழுதிக் குடுத்தா அது வேற எதக் காட்டும்? பக்கம் பக்கமா அதான் வந்துச்சு. அது வந்தா பெரும்பாலும் ஆயுசு ரெண்டுலேர்ந்து அஞ்சு வருஷம்தான்னு படிச்ச அன்னைக்கு எனக்கு சோறு எறங்கல. 21 வயசுல வந்தும் ஹாக்கிங் 76 வரைக்கும் இருந்தாரேன்னு அதுல ஒரு ஆறுதல் வேற.

அப்புறம் கெண்டைக்கால் துடிச்சுது, தோள் துடிச்சுது. அந்த நோயோட அறிகுறி இருக்கான்னு பாத்ரூம் கண்ணாடில நாக்க நீட்டி நீட்டிப் பாப்பேன், ஹால்ல குதிகால்ல நடந்து பாப்பேன். வீட்டுக்காரி "ஏனுங்க, டான்ஸ் கிளாஸ் சேந்துட்டீங்களா"ன்னு கேட்டா. ஃபோன்ல டேர்ம் இன்சூரன்ஸ் விளம்பரமா வர ஆரம்பிச்சுது, அதையும் சகுனம்னு எடுத்துக்கிட்டேன்.

கடைசில கோயமுத்தூர்ல ஒரு நியூராலஜிஸ்ட்கிட்ட, அதான் நரம்பு டாக்டர்கிட்ட போனேன். முட்டில சுத்தியலால தட்டினார், கைய மடக்கச் சொல்லி எதுத்து இழுத்தார், நாக்கப் பாத்தார். "துடிக்கறத விடுங்க, சட்டை பட்டன் போட முடியுதா, படி ஏற முடியுதா, எங்கயாவது சதை வத்தியிருக்கா?" எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. பலம் கொறையாம, சதை வத்தாம, வெறும் துடிப்பு மட்டும் இருந்தா பெரும்பாலும் ஒண்ணும் இல்ல, பயத்துக்கே தசை துடிக்கும், நீங்க அதையே கவனிச்சுட்டு இருந்தா இன்னும் ஜாஸ்தியா தெரியும்னார். நான் அவர் சொன்னதக் கேக்காம, தசை எப்படி வேல செய்யுதுன்னு அதோட மின்சாரத்த வச்சுப் பாக்கற ஈஎம்ஜி டெஸ்டும் அடம் புடிச்சு எடுத்தேன், நார்மல். அம்மாயி சொன்ன பணம் வரல, இருந்ததும் போச்சு.

ஒடனே கமெண்ட்ல "அப்ப எதையும் படிக்கவே கூடாதா"ன்னு சண்டைக்கு வராதீங்க. அப்படிச் சொல்லல. எங்க மாமியார பூனை பெறாண்டி ரத்தம் வந்தப்போ மஞ்சள வச்சா போதும்னு எல்லாரும் சொன்னாங்க, நான்தான் தேடிப் பாத்து, சோப்பு போட்டு பதினஞ்சு நிமிஷம் தண்ணில கழுவ வச்சு கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனேன். 0, 3, 7, 28வது நாள்னு நாலு தேதி எழுதிக் குடுத்து ரேபிஸ் ஊசி போட்டாங்க. அங்க நான் தேடினது "இப்ப என்ன செய்யணும்"னு. கண்ணு விஷயத்துல தேடினது "நான் சாகப் போறேனா"ன்னு. நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் வராம போறது இதுக்கெல்லாம் தேடிட்டு ஒக்காராம 108க்கு போடுங்க, அது வேற.

உங்களுக்கு என்னன்னு நீங்க எழுதல, ஏதோ ரிப்போர்ட்ல ஒரு நம்பர் தடிச்ச எழுத்துல வந்திருக்கும்னு நெனைக்கறேன். பல டெஸ்ட்ல அந்த நார்மல் அளவே நல்லா இருக்கறவங்கள்ல நூத்துக்கு 95 பேர வச்சுப் போடறதுதான், மிச்சம் அஞ்சு பேரும் நல்லா இருக்கறவங்கதான். டாக்டர்கிட்ட காட்டுங்க, அதுக்கு முன்னாடி நீங்களா பேர் வைக்காதீங்க.

உண்மையில எனக்கு தூக்கம் கெட்டதுக்கு டீ மட்டும் காரணம் இல்ல, மேல் வீட்டுக்காரர். ராத்திரி பதினொன்னரைக்கு மாவு ஆட்டறாங்க, யாராவது ஆட்டுவாங்களா? அசோசியேஷன்ல சொன்னா "அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க"ன்றாங்க, மெயின்டனன்ஸ் மட்டும் அஞ்சாந்தேதி ஆனா கதவத் தட்டி வாங்கத் தெரியுது.

கண்ணு இப்பவும் ஷிப்மென்ட் வாரத்துல துடிக்கும். டீய மூணாக்கிட்டேன். இதோ, இத அடிச்சுட்டிருக்கும்போதே மேல கட்டில இழுக்கறாங்க, மணி பன்னெண்டே கால்.