ஒரு மாதத் தூண் மட்டும் வானளாவ நின்றால்: எக்செல் சார்ட்டில் அச்சை வெட்டுவது

கேள்வி: வண்டன்மேட்டில் ஏலக்காய் கொள்முதல் செய்கிறேன். மாதம் 200 முதல் 450 கிலோ வரை வாங்குவோம். அக்டோபரில் மட்டும் ஓர் எஸ்டேட் சரக்கு மொத்தமாக வந்து 4,800 கிலோ ஆகிவிட்டது. சார்ட்டில் மற்ற மாதங்கள் தரையோடு ஒட்டிக் கிடக்கின்றன. அச்சை நடுவில் வெட்டிக் காட்ட முடியுமா?

பதில்: எக்செலில் அதற்கென்று பட்டன் இல்லை, லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இல்லை. நாமே வெட்டிக்கொள்ள வேண்டும். லாக் ஸ்கேல் (ஒவ்வொரு படியும் பத்து மடங்காக ஏறும் அச்சு) போடச் சொல்வார்கள். வேண்டாம். கொள்முதலே இல்லாத மாதத்தை அதில் காட்ட முடியாது. தூணின் உயரத்தைப் பார்த்து அளவைக் கணிப்பவரையும் அது ஏமாற்றும்.

உங்கள் எண்களில் 500-க்கும் 4,700-க்கும் நடுவே எதுவும் இல்லை, அந்த 4,200-ஐத்தான் வெட்டப் போகிறோம். கிலோ எழுதிய பத்திக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போடுங்கள். இஃப் ஃபார்முலாவில், எண் 4,700-க்கு மேல் இருந்தால் 4,200 கழியட்டும். இல்லாவிட்டால் அப்படியே வரட்டும். அக்டோபர் 600 ஆகும். இந்தப் புதுப் பத்தியை வைத்து சார்ட் வரையுங்கள். ஃபார்மேட் ஆக்சிஸில் மினிமம் 0, மேக்சிமம் 700, மேஜர் யூனிட் 100 என்று கையால் கொடுங்கள், ஆட்டோவில் விடாதீர்கள். அங்கேயே நம்பர் பகுதியில் [<=500]0;;; என்று கொடுத்தால் 500-க்கு மேலுள்ள பொய் எண்கள் மறையும்.

இனி தூண்களுக்கு டேட்டா லேபிள். அதில் ‘வேல்யூ ஃப்ரம் செல்ஸ்’ தேர்ந்தெடுத்து, பழைய பத்தியின் உண்மையான கிலோவைக் காட்டுங்கள். ‘வேல்யூ’ டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் 4,800-க்குப் பக்கத்தில் 600-ம் நிற்கும். எக்செல் 2013 முதல் இந்த வசதி உண்டு. வெட்டுக் குறிக்கு, முதலில் சார்ட்டைக் கிளிக் செய்துவிட்டு, சாய்ந்த வெள்ளைப் பட்டை ஒன்றை 500 கோட்டின் மேல் அக்டோபர் தூணுக்குக் குறுக்கே போடுங்கள். சார்ட்டைத் தேர்ந்தெடுக்காமல் போட்டால் பட்டை ஷீட்டில் தனியாக நிற்கும். சார்ட்டை நகர்த்தும்போது கூட வராது.

பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அடுத்த மாதம் 900 கிலோ வந்தால் அது வெட்டிய இடைவெளிக்குள் விழும். ஃபார்முலா அதைத் தொடாது, 900-ஆகவே விடும். தூண் 700-இல் முட்டி, 4,800-ஐவிட உயரமாகத் தெரியும். எக்செல் எந்த எச்சரிக்கையும் தராது. எனவே புது எண் ஏற்றும்போதெல்லாம் 500-க்கும் 4,700-க்கும் நடுவே ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெட்டும் இடத்தை மாற்றியே ஆக வேண்டும்.

வங்கியிலோ பங்காளியிடமோ காட்டுவதானால், ‘500 முதல் 4,700 வரை அச்சு வெட்டப்பட்டுள்ளது’ என்று சார்ட்டுக்கு அடியில் கட்டாயம் எழுதுங்கள். பெரிய மாதங்கள் பல இருந்தால் வெட்டுவதைவிட, சிறிய மாதங்களை மட்டும் தனிச் சார்ட்டாகப் பக்கத்தில் வைப்பதுதான் நேர்மையானது.