கீமோ நடக்கும்போது பிறந்தநாள் கொண்டாடலாமா?

கேள்வி: என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ. மூன்று முடிந்திருக்கிறது, பிறகு ரேடியேஷன் என்கிறார்கள். தொற்று வந்துவிடுமோ என்று வீட்டுக்கு யாரையும் வரவிடுவதில்லை. இரண்டு குழந்தைகளையும் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். டிவி சத்தம்கூட வைப்பதில்லை. “எழவு வீடு மாதிரி இருக்கு, ஒரு சினிமாவுக்காவது கூட்டிட்டுப் போங்க” என்று அழுகிறார். மகளின் பிறந்தநாள் அடுத்த கீமோவின் பத்தாவது நாளில் வருகிறது. கொண்டாடலாமா? ரேடியேஷன் தொடங்கினால் குழந்தைகள் அம்மாவைத் தொடக்கூடாது என்கிறார்களே, உண்மையா? கீமோவை நிறுத்திவிட்டு ஒரு பவுடர் சாப்பிடச் சொல்லி உறவினர் ஒருவர் விடாமல் வற்புறுத்துகிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் குழந்தைகளைக் கூட்டி வாருங்கள். அவர்களுக்குச் சளி, காய்ச்சல், அம்மை எதுவும் இல்லையென்றால் இன்றைக்கே. புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. குழந்தைகள் வெளியிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், உடம்பு சரியில்லாத அன்று தள்ளிப் படுக்க வேண்டும். அவ்வளவுதான். அம்மாவுக்கு என்ன நோய் என்பதையும் பெயரைச் சொல்லியே சொல்லிவிடுங்கள். மறைத்தால், தான் சேட்டை செய்ததால்தான் அம்மாவுக்கு இப்படி ஆகிவிட்டது என்று குழந்தை நினைத்துக்கொள்ளும். இது நான் பலமுறை பார்த்தது.

பிறந்தநாளையும் கொண்டாடுங்கள். ஆனால் அந்தப் பத்தாவது நாளில் வேண்டாம்.

கீமோவுக்கு ஒரு நாள்காட்டி உண்டு. இதை உங்களுக்கு யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். விளக்கப் பத்து நிமிடம் ஆகும், மருத்துவமனையில் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். மருந்து ஏறிய முதல் இரண்டு மூன்று நாள் வாந்திக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கும் ஸ்டீராய்டு உடம்பில் இருக்கும். முகம் சிவந்து, தூக்கமே இல்லாமல் இரவு இரண்டு மணிக்கு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். பயப்பட வேண்டாம், கூட உட்கார்ந்து பழைய போட்டோக்களைப் பாருங்கள். அந்த மாத்திரை நின்றதும் நாலாவது ஐந்தாவது நாளில் தடாலென்று சோர்வு வரும், காரணமில்லாத அழுகையும் எரிச்சலும் வரும். வீடுகளில் பெரிய சண்டைகள் நடப்பது இந்த நாட்களில்தான். “நான் என்ன தப்பு பண்ணினேன்?” என்று தேடாதீர்கள். ஸ்டீராய்டு இறங்குகிறது, அவ்வளவுதான்.

ஏழாவது நாளிலிருந்து பதினாலாவது நாள் வரை ரத்தத்தில் தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். கூட்டத்தைத் தவிர்க்க வேண்டிய வாரம் இது. உங்கள் மகளின் பிறந்தநாள் சரியாக இதன் நடுவில் விழுகிறது. மூன்றாவது வாரத்தில் அணுக்கள் ஏறத் தொடங்கும். மூன்று வார இடைவெளி என்பதே அவை மீண்டு வரக் கொடுக்கும் அவகாசம்தான். அந்த வாரம் உங்களுடையது. பதினேழாவது பதினெட்டாவது நாளில் கொண்டாடுங்கள், ஒரு வாரம் தள்ளிப்போனால் குழந்தைக்கு வயது குறைந்துவிடாது. சினிமாவும் அந்த வாரம்தான். வேலை நாளில் பகல் காட்சிக்குப் போனால் பாதி இருக்கைகள் காலியாக இருக்கும்.

விருந்தாளிகளை இரண்டு மூன்று பேராக, சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள். தனித் தட்டு, தனி டம்ளர் எல்லாம் தேவையில்லை. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ இருக்கும் இறைச்சி, முட்டை, காய்ச்சாத பால் வேண்டாம். மற்றபடி வீட்டில் சமைத்ததை எல்லோருமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். நாக்கில் உலோகச் சுவை அடிக்கிறது என்றால் எவர்சில்வர் ஸ்பூனுக்குப் பதில் மரக்கரண்டியோ பிளாஸ்டிக்கோ கொடுத்துப் பாருங்கள்.

முக்கியமான ஒன்று: எல்லா வேலையையும் அவர் கையிலிருந்து பிடுங்கிவிடாதீர்கள். இந்த நோயில் வரும் சோர்வு படுத்துத் தூங்கினால் தீராது. மெதுவாகக் கொஞ்ச தூரம் நடப்பது அதைக் குறைக்கும் என்பது நன்றாக நிரூபிக்கப்பட்ட விஷயம். உட்கார்ந்தபடி துணி மடிக்கட்டும், மகளுக்குத் தலை பின்னிவிடட்டும். சாயங்காலம் இரண்டு பேருமாகத் தெருமுனை வரை போய் வாருங்கள்.

தாம்பத்தியம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. யாரும் கேட்பதில்லை, மருத்துவத் துறையில் இருக்கும் எங்கள் ஆட்களும் வாய் திறப்பதில்லை. பக்கத்தில் படுப்பதற்கும் கட்டிப்பிடிப்பதற்கும் ஒரு நாளும் தடை இல்லை. மருந்து ஏறிய முதல் இரண்டு மூன்று நாள் அதன் மிச்சம் சிறுநீர், வாந்தி முதலியவற்றில் வெளியேறும். அதைத் துடைப்பவர் கையுறை போட வேண்டும், கழிவறையை மூடியைப் போட்டு இரண்டு முறை ஃப்ளஷ் செய்ய வேண்டும், உறவு கொண்டால் ஆணுறை வேண்டும். சிகிச்சை முடியும்வரை கர்ப்பம் தரிக்கவே கூடாது. அணுக்கள் குறைந்திருக்கும் வாரத்தில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது ரேடியேஷன். உங்கள் மனைவிக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்து இயந்திரம் மூலம் கதிர் பாய்ச்சுவார்கள். இயந்திரத்தை நிறுத்தியதும் எல்லாம் முடிந்தது. விளக்கை அணைத்த பிறகு வெளிச்சம் அறையில் தங்குமா? அதேபோலத்தான். வீட்டுக்கு வந்ததும் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

பிறகு இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது? காத்திருக்கும் கூடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னதிலிருந்து. அவர் பொய் சொல்லவில்லை, அவர் வீட்டுக் கதை வேறு. தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடினை மருந்தாக விழுங்கக் கொடுப்பார்கள். அயோடின்-131 பாதியாகக் குறையவே 8 நாள் ஆகும். உடம்புக்குள் இருக்கும் அந்த மருந்து எச்சில், வியர்வை, சிறுநீரிலும் வரும். அவர்கள் சில நாட்கள் தனி அறையில் படுக்க வேண்டும், குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் இன்னும் கூடுதல் நாட்கள் விலகி இருக்க வேண்டும், துண்டும் தட்டும் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை நாள் என்பது கொடுத்த அளவைப் பொறுத்தது. நியூக்ளியர் மெடிசின் பிரிவில் எழுதிக் கொடுப்பார்கள். புரோஸ்டேட் சுரப்பிக்குள் கதிரியக்க மணிகளை நிரந்தரமாகப் பதித்தவர்களும் கொஞ்ச காலம் குழந்தைகளை மடியில் வைக்கக் கூடாது. உங்கள் மனைவிக்கு இது எதுவும் இல்லை. ஆனால் நோய் எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்க்கும் பெட் ஸ்கேன் எடுத்தால் அதற்கு மட்டும் ஒரு சின்னக் கட்டுப்பாடு உண்டு. அதில் ஏற்றும் கதிரியக்கச் சர்க்கரை சுமார் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். அன்றைக்குச் சில மணி நேரம் குழந்தைகளைக் கொஞ்சாமல் இருந்தால் போதும். ஒருவருடைய விதியை இன்னொருவர் தலையில் கட்டுவதால்தான் எத்தனையோ தாய்மார்கள் வாரக்கணக்கில் பிள்ளையைத் தொடாமல் அழுதுகொண்டிருக்கிறார்கள்.

இனி பவுடர். இதைப் பற்றி நான் அமைதியாக எழுத முடியாது. உறவினர் நல்லெண்ணத்தில் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அவருக்கு விற்றவனுக்கு அந்த எண்ணம் இல்லை. “இயற்கையானது, பக்கவிளைவே இல்லை” என்பான். உங்கள் மனைவிக்கு ஒருவேளை ஏறிக்கொண்டிருக்கக்கூடிய பாக்ளிடாக்சல் என்ற கீமோ மருந்து முதன்முதலில் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து எடுத்தது. வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு கீமோ மருந்து நம் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்தது. செடியிலிருந்து வந்ததால் இவை சாதுவாகிவிட்டனவா? இவற்றை மில்லிகிராம் கணக்கில் அளந்து ஏற்றுகிறோம். அவன் ஸ்பூன் கணக்கில் அள்ளச் சொல்கிறான். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் “ரகசியம்” என்பான். சாப்பிட்டதும் பசி எடுக்கிறது, தெம்பு வருகிறது என்றால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். இந்த மாதிரிப் பெயரில்லாத பொடிகளைப் பரிசோதித்தபோது ஸ்டீராய்டும் ஈயமும் பாதரசமும் கிடைத்த சம்பவங்கள் உண்டு. கல்லீரல் கெட்டால் கீமோவைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும். அப்போது “பார்த்தாயா, கீமோ உடம்புக்கு ஆகவில்லை” என்றும் அவனே சொல்வான்.

கீமோவை நிறுத்தச் சொல்வது இதைவிடப் பெரிய பாவம். 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, குணப்படுத்தக்கூடிய நிலையிலேயே மருத்துவத்தை மறுத்து மாற்று வழிகளை மட்டும் நம்பியவர்களைக் கணக்கெடுத்தது. வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் மரண ஆபத்து மொத்தத்தில் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் ஐந்து மடங்குக்கும் மேல்.

அப்புறம், மருத்துவமனை வாசலில் “அதே ஊசி, பாதி விலை” என்று வருபவர்களிடம் நின்றுகூடப் பேசாதீர்கள். 2012இல் அமெரிக்காவிலேயே அவாஸ்டின் என்ற புற்றுநோய் ஊசியின் போலி பிடிபட்டது, அதில் மருந்தே இல்லை. இந்த ஆட்கள் எப்படி உள்ளே வருகிறார்கள் என்று கேட்காதீர்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

கீமோ நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலை எட்டு மணிக்கு வரச் சொல்வார்கள், ரத்தம் எடுத்து, ரிசல்ட் வந்து, மருந்து கலந்து, டிரிப்ஸ் ஏறத் தொடங்க மதியமாகிவிடும். முதல் நாளே ரத்தப் பரிசோதனையை முடித்துவிட முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் முடியும், ஆனால் கேட்காமல் சொல்ல மாட்டார்கள். அரை நாள் மிச்சம். மீதி நேரத்துக்குச் சீட்டுக்கட்டோ, இரண்டு பேருமாகக் கேட்க ஒரு இயர்போனோ எடுத்துப் போங்கள். உறவினர் கூட்டம் வேண்டாம்.

இவ்வளவு சுதந்திரத்துக்கும் ஒரே நிபந்தனை தெர்மாமீட்டர். கொண்டாட்டத்தின் நடுவில் இருந்தாலும் சரி, உடம்பு சுட்டால் அளந்து பாருங்கள். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் பேசிவிட்டுக் கிளம்ப வேண்டும். “காலையில் பார்க்கலாம்” என்று பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைக்கக் கூடாது. குளிர் நடுக்கம் வந்தால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் இதே விதி.

அதற்கு ஓர் எண் வேண்டுமே! டிஸ்சார்ஜ் தாளில் அச்சடித்திருக்கும் எண்ணை நம்பி இருக்காதீர்கள், பல இடங்களில் மாலைக்குப் பிறகு அதை எடுக்க ஆள் இருப்பதில்லை. அடுத்த முறை போகும்போது இரவில் யாரைக் கூப்பிடுவது என்று நர்ஸிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். அன்றிரவே ஒருமுறை அடித்துப் பாருங்கள். எடுக்கவில்லையென்றால் மறுநாள் போய் வேறு எண் கேளுங்கள்.