கழுத்துத் தமனியில் ஸ்டென்ட் வைத்தால் மறதி தீருமா?

கேள்வி: என் தந்தைக்கு 71 வயது. ஓராண்டாக மறதி கூடிவருகிறது. டாப்ளர் ஸ்கேனில் இடது கழுத்துத் தமனி 60 சதவீதம் சுருங்கியிருப்பதாகத் தெரியவந்தது. மூளைக்கு ரத்தம் குறைவதே மறதிக்குக் காரணம் என்றும், குழாயை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்தால் நினைவு திரும்பும் என்றும் சொல்கிறார்கள். வைக்கலாமா?

பதில்: மறதிக்காக மட்டும் என்றால், வேண்டாம்.

உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ 15 சதவீதத்தை வாங்கிக்கொள்கிறது என்பதால், உங்கள் அச்சம் இயல்பானதே. ஆனால் மூளைக்கு நான்கு தமனிகள் ரத்தம் கொண்டுசெல்கின்றன. அவை மூளையின் அடியில் வளையமாக இணைந்திருப்பதால், ஒன்றில் ஓட்டம் குறையும்போது மற்றவை ஈடுகட்டுகின்றன. தவிர, 60 சதவீதம் என்பது குழாயின் விட்டம் சுருங்கிய அளவுதான். அவ்வளவு ரத்தம் நின்றுபோனதாகப் பொருளல்ல. இத்தகைய சுருக்கம் உள்ளவர்களிடம் மறதி அதிகம் காணப்படுவது உண்மை. ஆனால் கழுத்துக் குழாயைக் கெடுத்த அதே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் புகைப்பழக்கமும் மூளைக்குள் உள்ள நுண்குழாய்களையும் கெடுத்திருக்கும்; ஸ்டென்ட் அங்கே எட்டாது. 2014இல் வெளியான ரெகான் ஆய்வு சிறியது என்றாலும் கவனிக்கத்தக்கது. கழுத்துத் தமனி முழுவதும் அடைபட்டவர்களுக்கு மாற்றுப்பாதை (பைபாஸ்) அறுவை செய்தும், இரண்டாண்டு கழித்து அவர்களுடைய நினைவாற்றல் மருந்து மட்டும் பெற்றவர்களைவிட மேம்படவில்லை.

ஸ்கேன் எடுத்த அன்றே ஸ்டென்டுக்குத் தேதி குறித்துக் கொடுப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். நோயாளியை அனுப்பிவைப்பதற்குக் கமிஷன் வாங்கும் தரகர்கள் அறிக்கையில் உள்ள ஓர் எண்ணைக் காட்டியே குடும்பங்களை மிரட்டுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஸ்டென்ட் வைக்கும்போதே பக்கவாதம் வரக்கூடும் என்பதை அவர்கள் சொல்வதில்லை. மறதிக்கென்று விற்கப்படும் அடைப்பைக் கரைக்கும் ஊசி, மூளைக்கு ரத்தம் கூட்டும் டிரிப் என்பவை அதைவிட மோசம். அவற்றுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. அதை நிதானமாகப் படியுங்கள். கடந்த ஆறு மாதங்களில் உங்கள் தந்தைக்கு வலது கையோ காலோ திடீரென வலுவிழந்ததா? பேச்சு குழறியதா? இடது கண்ணில் திரை விழுந்ததுபோல் பார்வை மறைந்ததா? ஐந்தே நிமிடத்தில் சரியாகியிருந்தாலும் அது பக்கவாதத்தின் முன்னறிவிப்பு. அப்போது 60 சதவீதச் சுருக்கத்துக்கும் அடைப்பை அகற்றும் அறுவை பயன் தரலாம். அந்த நோக்கம் பக்கவாதத்தைத் தடுப்பதே, மறதியைப் போக்குவது அன்று. அந்த அறிகுறி தோன்றிய இரண்டு வாரங்களுக்குள் செய்தால்தான் முழுப் பலன் உண்டு. சரியாகிவிட்டதே என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நரம்பியல் மருத்துவரைப் பார்க்க ஒரு மாதம் கழித்து முறை கொடுக்கும் மருத்துவமனைகளை நினைத்தால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. அவசரமில்லாதவரை விரட்டுகிறார்கள், அவசரமானவரைக் காக்க வைக்கிறார்கள். இன்று அப்படி நேர்ந்தால், நேரே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

அப்படி எதுவும் நேரவில்லை என்றால், மறதிக்குரிய பரிசோதனைகளே முதலில் நடக்க வேண்டும்: எம்ஆர்ஐ, தைராய்டு, பி12, மனச்சோர்வு, தூக்க மாத்திரைகளின் பட்டியல். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடினும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ரத்த அழுத்தத்தை ஒரேயடியாக அன்றி, படிப்படியாகக் குறைக்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் ஸ்டென்ட் வேண்டும் என்று யாரேனும் வற்புறுத்தினால், அது எதைத் தடுப்பதற்காக, அவர் கையில் சிகிச்சை பெற்ற நூறு பேரில் எத்தனை பேருக்குப் பக்கவாதம் வந்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளை, ஸ்டென்ட் வைக்கும் இடத்துடன் தொடர்பில்லாத ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.