கால் ஆறுவதற்குள் கையெழுத்து வேண்டாம்

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. மூன்று வாரங்களுக்கு முன், இரவு ஏழு மணிபோல, கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையிலிருந்து காங்கேசன்துறை வீதிக்குச் சைக்கிளில் ஏறும்போது மோட்டார் சைக்கிள் ஒன்று மோதிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தகடு வைத்திருக்கிறார்கள். சைக்கிளில் லைட் இல்லை. மோதிய பெடியனின் வீட்டார் நல்ல ஆட்கள்தான். 50,000 ரூபா தருகிறோம், ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதித் தாருங்கள் என்கிறார்கள். அப்பாவும் ‘என்னிலையும் பிழைதானே’ என்கிறார். வாங்கலாமா?

பதில்: காசை வாங்குவதில் பிழையில்லை. அந்த ஒரு வசனத்தில்தான் வில்லங்கம். மூன்று வாரத்தில் எந்த டொக்டராலும் உங்கள் அப்பா முன்போல நடப்பார் என்று அடித்துச் சொல்ல முடியாது. தகட்டைக் கழற்ற இன்னொரு சத்திரசிகிச்சை வரலாம், முழங்கால் சரியாக மடங்காமல் போகலாம். இன்னும் முடியாத கணக்கை முடிந்ததாக எழுதிக் கொடுத்தால், நாளைக்கு எதிர்த்தரப்புச் சட்டத்தரணி நீதிமன்றத்தில் முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான்.

அதற்குப் பதிலாக ஒரு பற்றுச்சீட்டு எழுதிக் கொடுங்கள்: ‘இன்ன திகதி நடந்த விபத்தின் சிகிச்சைச் செலவுக்காக ரூபா 50,000 பெற்றுக்கொண்டேன். மேலதிக நட்டஈடு கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.’ இதற்கு அவர்கள் சம்மதிக்காவிட்டால் காசு அவர்களிடமே இருக்கட்டும்.

அந்தக் குடும்பத்தின் மேல் உங்களுக்கு இரக்கம் இருப்பது தெரிகிறது. ஆனால் எல்லாம் பெடியனின் பொக்கற்றிலிருந்துதான் வரவேண்டும் என்றில்லை. இலங்கையின் 1951ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி வீதியில் ஓடும் மோட்டார் வாகனத்துக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். உங்கள் அப்பாவைப் போல அடிபடுகிற வெளியாளுக்காகவே அது இருக்கிறது. ஒரு நிபந்தனை உண்டு: மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குப் போடுவதற்கு முன்போ, போட்டு 7 நாட்களுக்குள்ளோ காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் தீர்ப்புத் தொகையைக் கட்டும் பொறுப்பிலிருந்து நிறுவனம் நழுவிவிடும். வாகன இலக்கத்தையும் காப்புறுதி எந்த நிறுவனத்தில் என்பதையும் பொலிஸ் நிலையத்தில் இப்போதே கேட்டுக் குறித்து வையுங்கள்.

சரி, லைட் இல்லாத சைக்கிள்? அது உங்களுக்குப் பாதகம்தான், மறைக்க வேண்டாம். ஆனால் அதனால் எல்லாம் போய்விடாது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு, அடிபட்டவரிலும் பிழை இருந்தால் அந்தப் பங்கு மட்டும் கழிக்கப்படும். உதாரணத்துக்கு, நட்டம் ஆறு லட்சம், அப்பாவின் பிழை மூன்றில் ஒரு பங்கு என்று நீதிபதி கண்டால் நான்கு லட்சம் கிடைக்கும்.

ஆகவே பொலிஸில் கொடுக்கும் வாக்குமூலத்தில் கவனம். நம் ஆட்கள் மரியாதைக்காக ‘எங்கட பக்கமும் பிழைதான்’ என்று சொல்லிவிடுவார்கள், அது அப்படியே எழுத்தில் ஏறிவிடும். எந்தப் பக்கம் பார்த்தார், வெளிச்சம் எங்கே வந்தது, எங்கே விழுந்தார் என்று நடந்ததை மட்டும் உள்ளபடி சொல்லட்டும். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி. வாக்குமூலத்தைத் தமிழில் பதியச் சொல்லிக் கேளுங்கள், வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்க வேண்டாம்.

இனி, பலர் கோட்டை விடும் இடம். பொலிஸார் நீதவான் நீதிமன்றத்தில் போடுவது வேறு வழக்கு, அங்கே கட்டும் தண்டப்பணம் அரசுக்குப் போகும். ‘அந்த வழக்கு முடியட்டும், பிறகு பார்ப்பம்’ என்று இருந்துவிடாதீர்கள். நட்டஈட்டு வழக்குக்குக் கால எல்லை 2 வருடம், விபத்து நடந்த நாளிலிருந்தே எண்ண வேண்டும். 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அது. பழசென்றாலும் பல் இருக்கிறது.

அப்பாவைச் சட்ட வைத்திய அதிகாரி பார்த்தாரா என்பதை உறுதி செய்யுங்கள். எலும்பு முறிவு தண்டனைச் சட்டக்கோவைப்படி பாரதூரமான காயம், அது அவர் நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் அறிக்கையில் வரவேண்டும். டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, மருந்துக்கடைப் பில் எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள். ஓட்டோக்காரர் பில் தரமாட்டார். ஒரு கொப்பியில் திகதி, எங்கிருந்து எங்கே, எவ்வளவு என்று அன்றன்றே எழுதுங்கள். அப்பாவைப் பார்க்க நீங்கள் வேலைக்குப் போகாத நாட்களையும் எழுதுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போகலாம், வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள்.

கால் சரியானதும் அப்பா திரும்பச் சைக்கிளை எடுப்பார், நீங்கள் மறித்தாலும். அதற்குள் பின் மட்காட்டில் சிவப்பு ஒளித்தெறிப்பான், முன்னால் ஒரு பற்றரி லைட் பூட்டிவிடுங்கள். நம் ஒழுங்கைகள் இரண்டு மதில்களுக்கு நடுவே திடீரென்று வீதியில் வந்து விழுகின்றன. வாசலில் செவ்வரத்தை சடைத்து நின்றால் வருவது எதுவும் தெரியாது. அந்த வளவுக்காரரிடம் பேசி இடுப்பளவுக்கு வெட்டிவிடுங்கள். அப்புறம், கால் முறிந்தவரைத் தூக்கி ஓட்டோவுக்குள் மடக்கி வைக்கும் பழக்கத்தை விடுவோம். முறிந்த எலும்பு அசைந்து காயம் கூடும். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும், 2018 ஜூலையிலிருந்து யாழ்ப்பாணத்திலும் அந்தச் சேவை இருக்கிறது. இலக்கத்தை வீட்டில் எல்லோருடைய போனிலும் இன்றைக்கே போட்டு வையுங்கள்.